ஒரு துப்பறிவாளர் போதாத எழுத்தாளர்: வால் மக்டேர்மிட்

எடின்பரோவில் பிறந்த கொனன் டொயில், ஷெர்லொக் ஹோம்ஸை எழுதி அலுத்துப்போய் ஆளையே கொன்றுவிட்டார். வாசகர்கள் விட்டால்தானே! கடைசியில் திரும்ப உயிரோட கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே ஸ்கொட்லாந்தில் பிறந்த வால் மக்டேர்மிட் இந்தப் பிரச்சினைக்கு வேற வழி கண்டவ. ஒரு துப்பறிவாளரால் சொல்ல முடியாத கதை வந்தால் இன்னொருவரை உருவாக்குவது. இதுவரை ஐந்து தொடர்கள்.

1955இல் ஃபைஃப் பகுதியிலுள்ள கேர்கோடியில் பிறந்தவ. நிலக்கரிச் சுரங்க மண். 17 வயதில் ஒக்ஸ்பேர்ட் புனித ஹில்டா கல்லூரிக்குப் போனா. ஸ்கொட்லாந்தின் அரச பாடசாலை ஒன்றிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவதான். பிறகு கிளாஸ்கோவிலும் மன்செஸ்டரிலும் பத்திரிகை வேலை.

முதல் நாவல் 1987இல் வந்தது. துப்பறிபவர் லின்ட்சே கோர்டன்: பத்திரிகையாளர், சோசலிசவாதி, பெண்ணை நேசிக்கும் பெண். அதைப் போட்டது ஒரு பெண்ணியப் பதிப்பகம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் துப்பறியும் நாவலில் இப்படி ஒரு நாயகி வருவதே பெரிய விசயம். ஆனால் சின்னப் பதிப்பகத்தை நம்பி அடுப்பெரிக்க ஏலாது. 1992இல் மன்செஸ்டரின் தனியார் துப்பறிவாளர் கேட் பிரானிகன் வந்தா. இந்த முறை நாயகிக்கு ஆண் காதலன். கூடுதலான வாசகர்களிடம் போய்ச்சேர வேண்டிய தேவை இதில் இருந்தது. அதைச் சமரசம் எண்டு சொல்லுறவை சொல்லட்டும், எங்களுக்கு அது எழுதியே வாழ நினைத்த ஒருவரின் கணக்காகத்தான் படுகிறது.

1995இல் உளவியலாளர் டொனி ஹில்லும் பொலிஸ் அதிகாரி கரோல் ஜோர்டனும் வந்தார்கள். ஆண்களைக் கடத்திச் சித்திரவதை செய்து கொல்லும் ஒருவரைத் தேடும் கதை. பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் தங்கக் குத்துவாள் விருது அதுக்குக் கிடைத்தது. 2002 தொடக்கம் 2008 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. அவவை உலகம் அறிந்தது இந்தச் சோடியால்தான். சில பக்கங்களை நாங்கள் தாண்டித்தான் வாசித்தோம். அவ்வளவு கொடூரம்.

எங்களுக்குப் பிடித்தது கரன் பிரி. வேடிக்கை என்னவெண்டால், 2003இல் வந்த முதல் புத்தகத்தில் அவவுக்குச் சின்ன இடம்தான். 1978இல் சென் அன்ட்ரூஸில் பனியில் சாகக் கிடந்த ஒரு பெண்ணைக் கண்டெடுத்த நான்கு மாணவர்கள், 25 வருசமாகச் சந்தேகத்தோடு வாழ்கிற கதை அது. பழைய வழக்குகளைத் தோண்டும் பொலிஸ்காரி எண்டபடியால் கரன் செய்வது பாதி வரலாற்றாசிரியரின் வேலை.

2008இல் வந்த அடுத்த நாவலைப் பாருங்கோ. 1984 மார்ச்சில் தொடங்கி ஒரு வருசம் நீண்ட சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம்தான் பின்னணி. பசியும் குளிருமாய்க் கிடந்த ஒரு ஃபைஃப் கிராமத்தில் மிக் எண்ட தொழிலாளி ஒரு நாள் காணாமல் போகிறான். நொட்டிங்ஹாமுக்குக் கருங்காலிகளோடு வேலைக்குப் போய்விட்டான் எண்டு ஊர் முடிவுகட்டுகிறது. மனைவியும் மகளும் அந்தப் பழியைச் சுமந்தே வாழ்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு கூட இல்லை. 22 வருசத்துக்குப் பிறகு, தன் பிள்ளையின் நோய்க்கு எலும்பு மச்சை தேடி அலையும்போதுதான் மகள் தகப்பனைத் தேடுகிறாள். நொட்டிங்ஹாமில் ஆள் இல்லை.

காணாமல் போனவரை இத்தனை வருசம் கழித்துத் தேடுவது என்னவெண்டு எங்கட ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. மிக்கின் குடும்பத்துக்கு அந்தத் தேடலைத் தொடங்கவே வெட்கம் விடவில்லை. தோற்றுப்போன ஒரு வேலைநிறுத்தம் வீடுகளுக்குள் என்ன செய்தது எண்டதை இந்த நாவல் காட்டிய மாதிரி எந்தப் புள்ளிவிபரமும் எங்களுக்குக் காட்டவில்லை. இதைச் சொல்ல டொனி ஹில்லால் ஏலாது. அவருக்குக் கொலையாளியின் மனம்தான் முக்கியம். கரனுக்கு ஊரும் முக்கியம்.

2021இல் தொடங்கிய ஐந்தாவது தொடரில் திரும்பவும் ஒரு பத்திரிகையாளர், அலி பேர்ன்ஸ். முதல் நாவலின் பெயரே ஒரு ஆண்டு: 1979. ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வேணுமா எண்டு வாக்கெடுப்பு நடந்த ஆண்டு. ஆம் எண்டவர்கள்தான் கூட, ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேணும் எண்ட நிபந்தனையால் அது தோற்றது. அந்தப் பதற்றத்துக்குள் கிளாஸ்கோவில், ஆண்கள் நிறைந்த செய்தியறை ஒன்றில் அலி வேலை பழகுகிறாள். மக்டேர்மிட் தானே இளம் நிருபராய்த் திரிந்த நகரமும் காலமும் அதுதான்.