பின்னங்களின் ஒப்பீடு: கீழ்வாயிலக்கம் முதல் இன்றைய வகுப்பறை வரை

இரு பின்னங்களுள் எது பெரிது, எது சிறிது எனக் காணுதல் ஆரம்பப் பாடசாலைக் கணிதத்தின் எளிய பகுதிகளுள் ஒன்றாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும் நான்கினும் எட்டுப் பெரிது என்று கற்றுத் தேறிய பிள்ளை, நான்கிலொன்றினும் எட்டிலொன்று சிறிது என்னும் கூற்றை ஏற்கத் தயங்குவதை ஆசிரியர் பலரும் அறிவர். இத்தயக்கத்தைப் பிள்ளையின் கவனக்குறைவு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. பின்னங்களுக்கு எவ்வாறு பெயரிடுகின்றோம், அவற்றை எவ்வாறு எழுதுகின்றோம் என்பவற்றோடும் அது தொடர்புடையது. பெயரும் எழுத்தும் வரலாற்றின் வழி வந்தவையாதலின், இவ்வகுப்பறைச் சிக்கலையும் வரலாற்று நோக்கில் ஆராய்தல் பயனுடையதாகும்.

பண்டைய எகிப்தியர் மூன்றிலிரண்டு போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய பின்னங்களை அலகுப் பின்னங்களின் கூட்டாகவே எழுதினர். ஏறத்தாழ கி.மு. 1550 இல் ஆமெசு என்னும் எழுத்தர் படியெடுத்த, இன்று றைன்ட் பப்பிரசு என வழங்கும் சுவடியின் தொடக்கக் கணக்குகள், அப்பங்களைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவன. ஏழு அப்பங்களைப் பங்கிட்டால் ஒருவர் பெறுவது மூன்றிலிரண்டும் முப்பதிலொன்றும். எட்டு அப்பங்களாயின் மூன்றிலிரண்டும் பத்திலொன்றும் முப்பதிலொன்றும். இவ்விரு விடைகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இரண்டாவது பங்கு பத்திலொன்றால் மிகுந்தது என்பது கணிப்பின்றியே புலனாகும்.

மேலே தொகுதியெண்ணும் கீழே பகுதியெண்ணும் அமைய எழுதும் முறை இந்தியக் கணிதரிடையே வளர்ந்தது. இடையிலுள்ள கோடு பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் அரபுக் கணித மரபில் தோன்றிப் பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினரான மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்தில், பின்னங்களை ஒரே பகுதியெண்ணுக்குக் கொணரப் பொதுமடங்குகளுட் சிறியதைக் காணும் வழியைக் கூறியுள்ளார். இன்றைய பாடநூல்கள் கையாளும் விதியின் மூலம் இத்துணைப் பழைமை வாய்ந்தது.

தமிழ் மரபு வேறொரு வழியில் வளர்ந்தது. ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாயிலக்கம் எனவும், ஒன்றினுங் குறைந்தன கீழ்வாயிலக்கம் எனவும் வகுக்கப்பட்டன. தொல்காப்பிய எழுத்ததிகாரம் 'அரை' என்னும் சொல்லின் புணர்ச்சியைத் தனியே விதந்து கூறுவதிலிருந்து பின்னப்பெயர்கள் மொழியில் எத்துணைத் தொன்மையானவை என்பது பெறப்படும். சோழர் காலக் கல்வெட்டுக்கள் நில அளவுகளை மா, காணி, முந்திரி என நுணுக்கிக் கூறுவதோடமையாது, முந்திரிக்கும் கீழ்ப்பட்ட பின்னங்களையும் குறிக்கின்றன. முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியின் 320 இல் ஒரு பங்கு, அதாவது ஒன்றின் 1,02,400 இல் ஒரு பங்கு.

இவ்வமைப்பின் சிறப்பினை ஒப்பீட்டின்போதே நன்கு உணரலாம். முந்திரியை ஓரலகாகக் கொண்டால் அரைக்காணி 2, காணி 4, அரைமா 8, முக்காணி 12, மா 16, மாகாணி 20, இருமா 32, அரைக்கால் 40, மும்மா 48, மும்மாகாணி 60, நாலுமா 64, கால் 80, அரை 160, முக்கால் 240 என நிரல்படும். மும்மாவோ அரைக்காலோ பெரிது என வினவின், இன்றைய மாணவன் 3/20, 1/8 என்பவற்றை 6/40, 5/40 என மாற்றிய பின்னரே விடை கூறுவான். எண்சுவடி கற்றவனோ 48 முந்திரியும் 40 முந்திரியும் என்றறிந்து உடனே விடை கூறக்கூடியவனாயிருந்தான். பொதுப் பகுதியெண்ணை அவன் ஒவ்வொரு முறையும் தேடவேண்டியதில்லை. அது அமைப்பினுள்ளேயே பொதிந்திருந்தது.

பெயர்களும் இதற்குத் துணைசெய்தன. 1/20, 1/16 என்னும் குறியீடுகளைக் காணும் பிள்ளை, இருபது பெரிதாதலின் முதலாவதே பெரிது என மயங்கலாம். மா, மாகாணி என்னும் பெயர்களிலோ அம்மயக்கத்துக்கு இடமில்லை. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி. ஆகவே அது மாவினும் ஒரு காணி மிகுந்தது. அரைக்கால் காலிற் பாதி என்பதையும், முக்காணி மூன்று காணி என்பதையும் அப்பெயர்களே உணர்த்துகின்றன. 'எட்டிலொன்று' என்னும் தொடர் எத்தனை கூறு என்பதைக் கூறுகின்றது; 'அரைக்கால்' என்னும் சொல் எவ்வளவு என்பதைக் கூறுகின்றது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விலக்கங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி வழியே பயிற்றப்பட்டன. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியும், கூட்டாக உரத்து ஓதியும், பின்னர் ஏட்டில் எழுதியும் மனனஞ் செய்தனர். முந்திரியிலிருந்து படிப்படியாக ஒன்றுவரை ஏறும் ஒழுங்கிலேயே பின்னங்கள் மனத்திற் பதிந்தன. பின்னங்களைக் கற்பதும் அவற்றின் வரிசையைக் கற்பதும் ஒன்றாகவே நிகழ்ந்தன. மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கு நிலவிற்று. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பாடசாலையில் மேற்கொண்டதும், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டதும் கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்டவை.

எனினும் இம்மரபைப் பொற்காலமாகச் சித்திரித்தல் வரலாற்று நேர்மையாகாது. முதலாவதாக, 320 என்பது இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே ஆக்கப்பட்ட எண். மூன்றிலொன்றையோ ஏழிலொன்றையோ முந்திரிகளாற் சரியாகக் கூற இயலாது. கீழ்வரிசைகளிற் சென்று அண்ணளவாகவே கூறலாம். இரண்டாவதாக, மனனமே முதன்மை பெற்றமையால், ஓதியவர் யாவரும் பொருளுணர்ந்தே ஓதினர் எனக் கொள்வதற்கில்லை. மூன்றாவதாகவும் முக்கியமாகவும், இவ்வறிவு சமூகத்தில் எல்லோர்க்கும் உரியதாயிருக்கவில்லை. நிலவுடைமையாளர், கணக்கர், வணிகர் ஆகியோரின் ஆண்பிள்ளைகளே பெரும்பாலும் திண்ணையில் அமர்ந்தனர். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அவ்வாயில் பொதுவாக அடைபட்டிருந்தது. வாரத்துக்குப் பயிரிட்டவனும் நெல்லைக் கூலியாகப் பெற்றவளும் மரக்காலையும் நாழியையும் கண்ணால் அறிந்திருந்தனர். ஏட்டிலுள்ள மாவையும் காணியையும் ஒப்பிடும் ஆற்றல் கணக்கனிடமே இருந்தது. பின்னங்களை ஒப்பிடத் தெரியாமை அவர்களுக்குப் பங்கு குறையும் அபாயமாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அமெரிக்க மிசன் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, ஐரோப்பியக் கணிதத்தைத் தமிழ் மாணவரிடையே பரப்புவதில் முன்னின்றது. அச்செமினரி 1855 இல் மூடப்பட்டபோதிலும், தொகுதியெண்ணும் பகுதியெண்ணும் கொண்ட பின்னமுறை பாடசாலைகளில் நிலைபெற்றது. மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் இம்முறையில் அரையையும் காலையும் போன்று சமமான இடத்தைப் பெற்றன. எப்பின்னத்தையும் எழுதலாம், எவ்விரண்டையும் ஒரே விதியால் ஒப்பிடலாம். பழைய முறையிற் கிட்டாத பொதுமை இது. அளவையோடும் பண்டத்தோடும் இருந்த உறவு தளர்ந்தமையே இதற்கு ஈடாகக் கொடுத்த விலை.

நாணய மாற்றமும் இதில் ஒரு பங்கு வகித்தது. இந்தியாவில் 1957 வரை ஒரு ரூபா பதினாறு அணாவாக இருந்தமையால், மாகாணியாகிய வீசம் ஓர் அணாவுக்கு நேரானது. கடைத்தெருவே அப்பின்னத்தை நாளும் நினைவூட்டிற்று. இலங்கையிலோ 1872 இலேயே ரூபா நூறு சதமாக வகுக்கப்பட்டது. மா ஐந்து சதத்துக்கு இயைந்தது. வீசமோ ஆறேகாற் சதமாகி முழுச்சதத்தில் அடங்காது போயிற்று. பாடசாலை வழக்கிலிருந்து நீங்கிய பின்னப்பெயர்களைத் தாங்கி நிற்கச் சந்தை வழக்கும் இங்கு முழுமையாக உதவவில்லை எனலாம்.

விதி மட்டும் எஞ்சும்போது நேர்வது யாது என்பதற்கு அண்மைக்கால ஆய்வுகள் விடை தருகின்றன. அமெரிக்காவில் 1977–78 இல் நடைபெற்ற தேசிய மதிப்பீட்டில், 12/13, 7/8 ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கு அண்மையான எண் 1, 2, 19, 21 என்பவற்றுள் யாது என வினவப்பட்டது. பதின்மூன்று வயதினருள் 24 சதவீதத்தினரே 2 எனச் சரியாக விடையளித்தனர். 28 சதவீதத்தினர் 19 எனவும், 27 சதவீதத்தினர் 21 எனவும் கூறினர். இவ்விரு பின்னங்களும் தனித்தனியே ஏறக்குறைய ஒன்று என்பதை அவர்கள் கண்டிலர். தொகுதியெண்களையோ பகுதியெண்களையோ கூட்டியவர்களாகவே காணப்படுகின்றனர். பேர், வாக்ஸ்முத், போஸ்ற், லெஷ் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பின்னங்களை வரிசைப்படுத்தும் வழிகளை ஆராய்ந்தது. கைப்பொருள்களைக் கொண்டு பயின்ற பிள்ளைகள் சிலர் அரையைப் போன்ற தெரிந்த பின்னமொன்றை நிலைக்களமாகக் கொண்டு ஏனையவற்றை ஒப்பிட்டமை அதில் வெளிப்பட்டது.

3/7, 5/9 என்பவற்றை ஒப்பிடப் பகுதியெண் 63 ஐத் தேட வேண்டியதில்லை. முன்னது அரையினும் குறைவு, பின்னது அரையினும் மிகுதி. 5/6, 7/8 என்பவற்றில் ஒன்றை நிரப்ப எஞ்சுவது யாது என நோக்கினால் போதும்: ஆறிலொன்றினும் எட்டிலொன்று சிறிதாதலின் 7/8 பெரிது. இத்தகைய சிந்தனையே அரை, கால், அரைக்கால் என்று பாதிபாதியாகப் பிளந்து சென்ற பழைய பெயர்களின் உள்ளீடாகவும் இருந்தது.

கீழ்வாயிலக்கத்தை மீண்டும் பாடத்திட்டத்திற் புகுத்தவேண்டும் என்பது இதன் கருத்தன்று. எல்லாப் பின்னங்களையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியனவாக்கியது இன்றைய பொதுக்கல்வியே. அப்பேற்றினை இழத்தல் தகாது. ஆயின் குறுக்குப் பெருக்கல் விதியை அறியுமுன் பிள்ளை அரையையும் காலையும் அரைக்காலையும் கையால் மடித்தும் அளந்தும் அறிந்திருத்தல் வேண்டும். இச்சொற்களுட் பல இன்றும் வீட்டு வழக்கில் உயிரோடுள்ளன. அளவு முந்தி, குறியீடு பிந்தி என்பதே இவ்வரலாறு ஆரம்ப வகுப்பு ஆசிரியர்க்குத் தரும் பாடமாகும். மனனத்தைக் கைவிட்ட கல்வி, அம்மனனம் தாங்கியிருந்த அளவுணர்வையும் அதனோடு கைவிட்டுவிடுமாயின், பழைய திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகள் இன்று வகுப்பறைக்குள் அமர்ந்தும் கணக்கறியாதோராகவே எஞ்சுவர்.