பணியாத கோடுகள்

போரிலே வென்றவனுக்குச் சிலை உண்டு. குதிரைமீது அமர்ந்திருப்பான், கையிலே வாள் இருக்கும், பீடத்திலே அவன் பிடித்த ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். போரே வேண்டாம் என்றவனுக்கு? குதிரை இல்லை, வாள் இல்லை, பீடமும் இல்லை. பெரும்பாலும் அவனுக்குக் கிடைத்தது ஒரு தாள். அந்தத் தாளிலே ஓர் ஓவியன் தீட்டிய சில கோடுகள். அவ்வளவே!

ஆனால், தாளிலே கிடந்த கோடுகள் ஒரு கொடுங்கோலாட்சியைச் சினங்கொள்ளச் செய்தன. ஒரு பெரிய நாளேடு பறிபோக அவை காரணம் காட்டப்பட்டன. வரைந்த கை பிழைப்பை இழந்தது. பின்னர் சிறையிலே ஓய்ந்தது. சில கோடுகளுக்கா இத்தனை ஆற்றல் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். விடை தேடிச் செல்வோம்.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தது. 1939 செப்டம்பரில் இரண்டாவது போர் மூண்டது. இடையிலே ஏறத்தாழ இருபத்தொரு ஆண்டுகள். இனி ஒரு போர் கூடாது என்று பேசியவர்கள், எழுதியவர்கள், அதற்காக அவை கூட்டியவர்கள் பலர். அவர்களின் முகங்களை ஓவியர்கள் வரைந்தனர். புகைப்படக் கருவி இல்லாத காலமா அது? இல்லை. கருவி இருந்தது. எனினும் கருவி, எதிரே நின்றதைக் காட்டும். ஓவியனோ தான் கண்டுபிடித்ததைக் காட்டுவான். ஒரு முகத்தை வரைவதென்பது அம்முகத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதுவதாகும்.

முதல் தீர்ப்பை எழுதியவர் ஒரு தாய்.

கேத்தே கோல்விட்ஸ் பெர்லின் நகரின் ஏழைகள் வாழும் பகுதியிலே, மருத்துவரான கணவருடன் வாழ்ந்த ஓவியர். 1914-இல் அவருடைய இளைய மகன் பீட்டர் படையிலே சேர விரும்பினான். தந்தை தயங்கினார், தாய்தான் கணவரிடம் பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். அக்டோபரில் பெல்ஜியத்தின் போர்முனையிலே மகன் மாண்டான். வயது பதினெட்டு! தான் பெற்றுத் தந்த இசைவு தன் மகனின் சாவோலை ஆயிற்றே என்ற வேதனை அந்தத் தாயை இறுதிவரை விடவில்லை.

அதே 1914 டிசம்பரில், ஜெர்மன் நாடாளுமன்றத்திலே போர்க் கடனுக்கு எதிராக வாக்களித்தவர் ஒரே ஒருவர் — கார்ல் லீப்னெக்ட். நாடே போர்வெறி கொண்டு ஆர்ப்பரித்த வேளையிலே தனியொருவராக ‘மாட்டேன்’ என்றார். 1919 சனவரி 15-இல் ரோசா லக்சம்பர்க்குடன் அவரும் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தார் கோல்விட்சை அழைத்தனர். பிணவறைக்குச் சென்று, உயிரற்ற அம்முகத்தைக் கோல்விட்ஸ் வரைந்தார். அவர் லீப்னெக்டின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். கட்சி வேறு, கண்ணீர் வேறு என்பதை அறிந்தவர்.

அந்த வரைவுகளிலிருந்து பிறந்த மரச்செதுக்கு ஓவியத்திலே ஒளிவட்டம் கிடையாது. மலக்குகள் இறங்கி வரவில்லை. வெள்ளைத் துணி போர்த்திய உடல் கிடக்கிறது. உழைப்பாளிகள் குனிந்து நிற்கின்றனர். ஒருவனது பருத்த கை, இறந்தவரின் மார்பின்மேல் கிடக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். இறந்தவர் விண்ணுலகம் சென்றார் என்று அந்தப் படம் பொய் சொல்லவில்லை. இவரை இழந்தோம் என்ற உண்மையை மட்டும் சொல்கிறது.

போரின் பிணவறையை விட்டு, அமைதியைத் தேடிக் கூடிய மண்டபத்திற்கு வருவோம். 1920-இல் சர்வதேச சங்கம் செயலுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஜினீவா நகரம் அதன் இருப்பிடமாயிற்று. வழக்கைப் பேசித் தீர்க்கலாம், பீரங்கி தேவையில்லை என்ற எண்ணத்தின் மீது எழுந்த அமைப்பு அது. அங்கே கூடிய முகங்களை வரைய, பென்சிலோடு வந்த ஓவியர்களிலே இரு வகையினரை நாம் காண்கிறோம்.

ஒரு வகை, வணங்கி வரைந்தது. அமெரிக்காவின் வயலட் ஓக்லி என்ற பெண் ஓவியர் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆட்சி மன்றச் சுவர்களிலே, அமைதி நாடிய வில்லியம் பென்னின் வரலாற்றைத் தீட்டிப் புகழ் பெற்றவர். சர்வதேச சங்கத்திலே சேர அமெரிக்கா மறுத்துவிட்டது. அரசு வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்பது போல 1927-இல் அவர் ஜினீவா சென்றார். அங்கே தங்கி, பேராளர்களின் உருவங்களை வரைந்தார். அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. அந்தப் படங்களைத் தொகுத்து 1933-இல் நூலாக வெளியிட்டார்; ‘ஜினீவாவின் அற்புதம்’ என்பது அந்நூலின் தலைப்பிலே அவர் சேர்த்த சொற்கள்.

அற்புதம்! அந்தச் சொல்லிலேதான் நமக்குத் தயக்கம். நூல் வெளிவந்த அதே 1933-இல், மார்ச்சு மாதம் ஜப்பான் சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அக்டோபரில் ஜெர்மனியும் வெளியேறுவதாக அறிவித்தது. அமைதி அற்புதமாக வந்திருந்தால் யாரும் அதைக் குலைத்திருக்க முடியாது. அது மனிதர் கட்டியது; ஆகவே மனிதரால் இடிக்கப்பட்டது. கட்டியவரைத் தெய்வமாக்கி வணங்கிவிட்டால், சுவரிலே விரிசல் விழும்போது பழுது பார்க்க யார் வருவர்?

மற்றொரு வகை, சிரித்துக்கொண்டே வரைந்தது. அலோயிஸ் டெர்சோ, எமெரி கெலன் — இருவரும் ஹங்கேரி நாட்டு யூதர்கள். 1922-இல் தொடங்கிய லோசான் மாநாட்டையொட்டி ஒன்று சேர்ந்த அந்த இணை, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மாநாடுதோறும் சென்று கேலிச்சித்திரங்கள் வரைந்தது. பிரான்சின் பிரியான் — தொங்கும் மீசை, வளைந்த முதுகு. ஜெர்மனியின் ஸ்ட்ரெசமன் — வழுக்கைத் தலை, பருத்த கழுத்து. இங்கிலாந்தின் ஆஸ்டின் சேம்பர்லின் — ஒற்றைக்கண் கண்ணாடி. 1925-இல் லொக்கார்னோ உடன்படிக்கையை உருவாக்கிய மூவர் இவர்கள். மூவருமே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். பரிசு பெற்ற முகங்களாயிற்றே என்று பென்சில் பணியவில்லை, வரையப்பட்டவர்களும் சினக்கவில்லை. தம் கேலிப்படத்தைத் தாமே பார்த்துச் சிரித்தனர், விரும்பி வாங்கினர்.

இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடலாகாது. தன்னைக் கேலி செய்யும் படத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவன், தானும் தவறக்கூடியவன் என்பதை ஒப்புக்கொள்கிறான். அந்த ஒப்புதல் இல்லாதவனோடு எந்த மேசையிலும் பேசித் தீர்க்க முடியாது.

ஆனாலும் அந்த மேசையைச் சுற்றியிருந்த முகங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு குறை தெரியும். சங்கத்திலே இந்தியாவுக்கு இடம் இருந்தது. பேராளரைத் தேர்ந்து அனுப்பியதோ ஆங்கில ஆட்சி! அடிமை நாட்டின் பெயருக்கு நாற்காலி; அடிமை நாட்டு மக்களுக்கு இல்லை. 1936-இல் எத்தியோப்பிய மன்னர் ஹெய்லி செலாசி ஜினீவாவில் எழுந்து நின்று தம் நாட்டுக்கு நீதி கேட்டபோது, இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சீழ்க்கையடித்தனர். வல்லரசுகள் கைவிட்டன. உலக அமைதி என்று பேசியவர்களின் உலகம், பாதி உலகமாகவே இருந்தது. வணங்கி வரைந்த படம் இதைச் சொல்லாது. டெர்சோவும் கெலனும் 1938-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர்.

வணக்கமும் இன்றி, கேலியும் இன்றி, உள்ளதை உள்ளபடி வரைந்த ஒருவர் இருந்தார். அவர் கதையைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னோம்.

எமில் ஸ்டும்ப் 1886-இல் ஜெர்மனியிலே பிறந்தவர். முதல் உலகப் போரிலே படையில் இருந்தவர். போருக்குப் பின் கோனிக்ஸ்பர்க் நகரப் பள்ளியிலே ஆசிரியர். 1924-இல் நிலையான அந்த வேலையைத் துறந்து, ஊர் ஊராகச் சென்று முகங்களை வரையத் தொடங்கினார். ஸ்ட்ரெசமனை வரைந்தார், எழுத்தாளர் தாமஸ் மன்னை வரைந்தார், அறிவியலறிஞர் மாக்ஸ் பிளாங்கை வரைந்தார், நாம் முன்னர்க் கண்ட கேத்தே கோல்விட்சையும் வரைந்தார். அவர் கையாண்ட முறை கல்லச்சு. கொழுப்புக் கலந்த மைக்கட்டியால் தீட்டிய கோடு மட்டும் அச்சு மையை ஏற்கும். ஈரம் படிந்த வெற்றிடம் அதைத் தள்ளிவிடும். தவறாக விழுந்த கோட்டை எளிதிலே அழிக்க முடியாது. கண் கண்டதைக் கை தயங்காமல் எழுத வேண்டும். அந்தப் பயிற்சி அவருக்கு இருந்தது.

டார்ட்மண்ட் நகரிலே ‘கெனரல் அன்சைகர்’ என்றொரு நாளேடு. பெர்லினுக்கு வெளியே ஜெர்மனியிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. குடியரசையும் நாடுகளிடை நல்லுறவையும் ஆதரித்த ஏடு. ஸ்டும்பின் படங்களை அது வெளியிட்டு வந்தது. 1933 சனவரியில் இட்லர் ஆட்சியைப் பிடித்தான். ஏப்ரல் 20 அவன் பிறந்த நாள். ஸ்டும்ப் வரைந்த இட்லரின் முகத்தை ஏடு வெளியிட்டது.

அது கேலிச்சித்திரம் அன்று, உருவப்படம். மற்ற முகங்களை எப்படி வரைந்தாரோ அப்படியே இதையும் வரைந்தார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதுதான் குற்றமாயிற்று! தலைவரை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று நாஜிகள் கூச்சலிட்டனர். ஏட்டின் அலுவலகத்திலே புகுந்தனர். ஏடு உரிமையாளரிடமிருந்து பறிக்கப்பட்டு நாஜிகளின் ஏடாக மாற்றப்பட்டது. அதைப் பிடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு முகம் காரணமாயிற்று. ஸ்டும்புக்கு ஜெர்மனியிலே தொழில் செய்யும் வழி அடைபட்டது. கோல்விட்சும் அதே ஆண்டிலே பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

பின் எப்படிப்பட்ட படம்தான் இட்லருக்கு உகந்தது? லான்சிங்கர் என்ற ஓவியர் தீட்டினார்: இட்லர் இரும்புக் கவசம் பூண்டு, கொடி ஏந்தி, குதிரைமேல் அமர்ந்திருக்கிறான்! விமானமும் டாங்கியும் வந்துவிட்ட காலத்திலே இடைக்கால வீரன் வேடம்! அது 1937-இல் மியூனிக் நகரக் கண்காட்சியிலே பெருமையோடு வைக்கப்பட்டது. முகத்தை உள்ளபடி காட்டியவருக்குத் தடை. முகத்தை மறைத்துக் கவசத்தைக் காட்டியவருக்கு மண்டபம். போர் முடிந்தபின் அமெரிக்கப் படைவீரன் ஒருவன் அந்தப் படத்தின் முகத்திலே துப்பாக்கிமுனை ஈட்டியால் குத்தினான். அந்தத் துளை இன்றும் இருக்கிறது.

ஸ்டும்ப் வெளிநாடுகளிலே அலைந்தார். ஆனாலும் தாய்நாட்டுக்குத் திரும்பி வருவதை நிறுத்தவில்லை. 1940-இல், பால்டிக் கடலோரத்துச் சிற்றூரிலே அவர் இருந்தபோது, போர்க் கைதிகளாக இருந்த பிரெஞ்சுக்காரர்களோடு நட்பாகப் பழகினார் என்றும், ஆட்சிக்கு எதிராகப் பேசினார் என்றும் யாரோ காட்டிக் கொடுத்தனர். ஓராண்டுச் சிறை. 1941 ஏப்ரல் 5-இல், ஸ்டூம் சிறையிலே, போதிய உணவின்றி, நுரையீரல் நோய்க்கு உரிய மருத்துவமின்றி மாண்டார். வயது ஐம்பத்தைந்து. எதிரி நாட்டான் என்று எழுதப்பட்டவனின் முகத்திலும் மனிதனைக் கண்ட கண்கள் மூடின.

கோல்விட்சின் துயரும் முடியவில்லை. மாண்ட மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டர், 1942-இல் ரஷ்யப் போர்முனையிலே மாண்டான். 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருந்தபோது, அந்தத் தாயும் மறைந்தார்.

தொடக்கத்திலே ஒரு கேள்வி கேட்டோம் — சில கோடுகளுக்கா இத்தனை ஆற்றல்? கோட்டுக்கு ஆற்றல் இல்லை, தோழர்களே! உண்மைக்கு இருக்கிறது. தலைவன் மனிதனே என்று ஒரு படம் சொல்லிவிட்டால், அவனைத் தெய்வமாக்கி நடத்தும் வாணிகம் நின்றுவிடும். அதனால்தான் கொடுங்கோலுக்குக் கேலிப்படத்தைவிட உள்ளபடி வரைந்த படமே பெரும் அச்சம் தருகிறது. கேலியைப் பகைவனின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். கண்ணாடியை என்ன சொல்லி ஒதுக்குவது?

அமைதிக்கு உழைத்தவர்களின் படங்களுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். பிரியானின் வளைந்த முதுகையும் ஸ்ட்ரெசமனின் பருத்த கழுத்தையும் கண்ட பிறகும் அவர்கள்மீது மதிப்புக் குறையவில்லை. நம்மைப் போன்றவர்களே இவ்வளவு முயன்றார்கள் என்று மதிப்புக் கூடுகிறது. அவர்கள் எங்கே தவறினார்கள், யாரை மேசைக்கு அழைக்க மறந்தார்கள் என்று கேட்கும் உரிமையும் நமக்குக் கிடைக்கிறது.

ஆகவே, பெரியோர் படத்தின் முன்னே நிற்க நேரும்போது மாலையைச் சற்று விலக்கிவிட்டு முகத்தைப் பாருங்கள். சுருக்கத்தைப் பாருங்கள், களைப்பைப் பாருங்கள், கண்ணிலே உள்ள ஐயத்தையும் பாருங்கள். கைகூப்பி நின்றால் அங்கே ஒரு படம் இருக்கும். கண் திறந்து நின்றால் ஒரு மனிதர் இருப்பார். அவர் விட்டுச் சென்ற வேலையும் இருக்கும்.