போலீஸ் என்கவுன்டர்: ரிப்போர்ட்டுக்கு 16 விதி, சுட்டவரின் மனசுக்கு?

என்கவுன்டரில் ஒருவர் இறந்துவிட்டார். சுட்ட போலீஸ்காரர் அடுத்து என்ன செய்யணும்? அவருக்கு டிபார்ட்மென்ட் என்ன செய்யணும்? முதல் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கு. இரண்டாவதுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எதையெல்லாம் ரிப்போர்ட் செய்யணும்?

2014 செப்டம்பர் 23-ல், பியூசிஎல் எதிர் மகாராஷ்டிரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 16 வழிமுறைகளைச் சொன்னது. எஃப்ஐஆர் கட்டாயம். சிஐடி அல்லது வேறு ஸ்டேஷன் டீம்தான் விசாரிக்கணும். மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. விசாரணைக்குத் தேவையென்றால் சுட்டவர் துப்பாக்கியை ஒப்படைக்கணும். கஸ்டடி மரணம் என்றால் 24 மணி நேரத்தில் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகணும். இது 1993-லிருந்தே இருக்கும் உத்தரவு.

சுட்டவருக்கு?

அந்த 16-ல் கவுன்சிலிங் பற்றி ஒரே ஒரு வரிதான். அதுவும் போலீஸ்காரரின் குடும்பத்துக்குத் தேவைப்பட்டால் கொடுக்கணும் என்கிறது. அவருக்கென்று தனி வரி இல்லை.

இது ஏன் முக்கியம்?

உயிர் பயத்தில் சிலருக்கு நேரம், சம்பவங்களின் வரிசை எல்லாம் குழம்பும். நினைவு குழம்புவது வேறு, கதை ஜோடிப்பது வேறு. பயிற்சி இல்லாவிட்டால் இரண்டுமே பேப்பரில் ஒரே மாதிரி தெரியும். இறந்தவரின் குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பதும் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான்.

எதைக் கற்றுத்தரலாம்?

கண்ணால் பார்த்தது, காதில் கேட்டது, ஊகித்தது என மூன்றையும் பிரித்து எழுதுவது. ஞாபகம் இல்லாததை ‘ஞாபகம் இல்லை’ என்றே எழுதுவது. சக போலீஸ்காரர்களுக்கு மனநல முதலுதவி: உலக சுகாதார நிறுவனம் இதை ‘பார், கேள், இணை’ என்று சுருக்குகிறது. நடந்ததை உடனே விலாவாரியாகப் பேசவைக்கும் கவுன்சிலிங் முறை வேண்டாம் என்றும் அது 2013-ல் சொல்லிவிட்டது. விசாரணையில் வாக்குமூலம் கொடுப்பது தனி விஷயம். அதைத் தவிர்க்க முடியாது.

நிலைமை எப்படி?

காமன் காஸ், சிஎஸ்டிஎஸ் அமைப்புகளின் 2019 அறிக்கைப்படி, போலீசாரின் சராசரி வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி நேரம். அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் பணிக்காலப் பயிற்சி கிடைத்தது சராசரியாக 6.4% பேருக்கு மட்டுமே. தமிழ்நாடு 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸுடன் சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. அது பொதுவான மன அழுத்தத்துக்கானது. சுட்ட அன்றைக்கு ராத்திரி ஒரு காவலர் யாரிடம் பேசுவார் என்பதற்கும் ஒரு விதி வேணும்.