சாதுவான தெய்வம்

பாம்பு வளர்க்கப் புதிதாக ஆசைப்படும் மேல்நாட்டார் பலர் கேட்டு வாங்குவது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பை. நாலைந்து அடிதான் நீளம்; விஷமில்லை. மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

இந்தச் சாதுப் பிராணிதான் ஊய்தா ராஜ்யத்தாருக்குத் தெய்வம். 1727-ல் தஹோமி அரசன் அகாஜாவின் படை வந்தபோது, ஆற்றுத் துறையில் அதையே காவல் வைத்தார்கள். படை ஆற்றைக் கடந்தது, ராஜ்யம் போயிற்று. வென்றவர்கள் பாம்புகளை வெட்டித் தின்றதாக, அவ்வருஷம் அங்கே போன ஆங்கிலேய அடிமை வியாபாரி ஸ்நெல்கிரேவ் எழுதியிருக்கிறார். பாவம், சுருண்டுகொள்வதைத் தவிர அதற்கு என்ன தெரியும்?

இன்று பெனின் நாட்டிலுள்ள ஊய்தாவில் பாம்புக் கோயில் இருக்கிறது. அதே நாட்டிலிருந்து பாம்புகள் ஏற்றுமதியும் ஆகின்றன. குணம் பார்த்து வாங்குகிறவர்கள், காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்றும் கேட்கட்டும். அதற்காகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?