ஹாரெய் என்ற பெயர்

நாற்காலியின்மேல் ஒரே மாதிரி இரண்டு உடைகள் கிடக்கின்றன. இரண்டும் கத்தரிக்கப்பட்டவை. முதல் உடையை, விண்வெளி நிலையத்தில் வந்திறங்கிய கெல்வின் வெட்டியாக வேண்டியிருந்தது. அதிலிருந்த பித்தான்கள் வெறும் அலங்காரம், கழற்றுவதற்கு வழியே இல்லை. அதை அணிந்து வந்தவள் பத்து ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி ஹாரெய். அவளை ராக்கெட்டில் அடைத்து விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறான். மறுபடி வருகிறாள், அதே உடை, அதே போலிப் பித்தான்கள். அவளே கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

அறிவியல் புனைகதையில் எத்தனையோ அசுரர்களைப் பார்த்துவிட்டேன். அந்த நாற்காலியைப் போல என்னை நடுங்க வைத்தது வேறொன்றுமில்லை.

‘சொலாரிஸ்’ நாவலை எழுதியவர் ஸ்தனிஸ்வாவ் லெம். 1921இல், அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் இருக்கும் லிவிவ் நகரத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது போலி ஆவணங்களோடு மெக்கானிக்காக வேலை பார்த்து உயிர் பிழைத்தார். போருக்குப் பின் குடும்பம் கிராகோவுக்குக் குடிபெயர்ந்தது. நாவலின் பெரும்பகுதியை 1959 கோடையில், சகோபானே என்ற மலையூரில் எழுதினார். விண்வெளி நிலையத்தில் கெல்வின் வந்து இறங்கும் காட்சியை எழுதும்போது, உள்ளே அவனுக்கு என்ன காத்திருக்கிறது என்று தனக்கே தெரியாது எனப் பின்னாளில் சொன்னார். நிலையத்தில் இருக்கும் ஸ்நாவுட் ஏன் அப்படி மிரளுகிறான் என்பதும் எழுத எழுதத்தான் அவருக்குப் புலப்பட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் வசப்படவில்லை. ஓராண்டு கிடப்பில் போட்டுவிட்டு, 1960 ஜூனில் முடித்தார். 1961இல் புத்தகம் வார்சாவில் வெளிவந்தது. வெளியிட்டது தேசியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பதிப்பகம்.

கதை எளியது. சொலாரிஸ் கோளை ஒரு கடல் மூடியிருக்கிறது. அந்தக் கடலுக்கு உயிர் உண்டு. இரண்டு சூரியன்களுக்கிடையே நிலைகுலைந்திருக்க வேண்டிய கோளின் பாதையை அதுதான் பிடித்து நிறுத்துகிறது. மனிதர்கள் பல தலைமுறைகளாக அதை ஆராய்ந்து நூல்களை எழுதிக் குவிக்கிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. மாறாக, அந்தக் கடல் ஆராய்ச்சியாளர்களின் நினைவுக்குள் கையை விட்டு, அவர்கள் புதைத்து வைத்தவர்களுக்கு உருவம் கொடுத்து அனுப்புகிறது. மதிப்புரை எழுதுகிறவர்கள் பலர் ஹாரெயின் காதலைப் பேசிவிட்டு, கெல்வின் நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆராய்ச்சிகளைப் புரட்டும் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கடல் எழுப்பும் வடிவங்களுக்கெல்லாம் அறிஞர்கள் பெயர் சூட்டுகிறார்கள், வகைப்படுத்துகிறார்கள், ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். பெயர்கள் பெருகுகின்றனவே தவிர, கடல் பெயருக்குள் அடங்குவதில்லை.

இனி புத்தகத்தின் பயணம்.

ரஷ்ய மொழிக்கு அது விரைவிலேயே போனது. தணிக்கைக் காலம், சில பகுதிகள் விடுபட்டுப் போயின. முழுமையான ரஷ்ய மொழிபெயர்ப்பு 1976இல்தான் கிடைத்தது. பிரெஞ்சில் ஜான்-மிஷேல் ஜஸியென்ஸ்கோ மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பாளர்கள் போலிஷ் மூலத்தைத் தொடவில்லை. ஜோவன்னா கில்மார்ட்டின், ஸ்டீவ் காக்ஸ் இருவரும் அந்தப் பிரெஞ்சு நூலிலிருந்து மொழிபெயர்த்தார்கள். 1970இல் அது வெளிவந்தது. வழியில் ஹாரெய் ‘ரேயா’ ஆனாள். ஸ்நாவுட் ‘ஸ்நோ’ ஆனான். லெம்முக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அந்த மொழிபெயர்ப்பில் தமக்கு நிறைவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

ஒரு பழைய புத்தகக் கடையில் நான் வாங்கியது அந்த ஆங்கிலப் பிரதியைத்தான். இரண்டு முறை கைமாறிய உரைநடை என்று அன்று எனக்குத் தெரியாது. ரேயாவுக்காக விடிய விடிய விழித்திருந்தேன். உண்மை தெரிந்தபோது ஏமாற்றப்பட்டதாக முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ரஷ்ய, பிரெஞ்சு இலக்கியங்களை நாம் தமிழில் படித்ததும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தானே? அவற்றுக்காக அழுதது பொய்யா? நாவலுக்குள் வரும் ஹாரெயும் அசல் அல்ல. தான் யாருடைய நினைவிலிருந்தோ வார்க்கப்பட்டவள் என்று ஒரு கட்டத்தில் அவளுக்கே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் படும் துயரம் முழுக்க அவளுடையது. அந்த அளவுக்கு என் ரேயாவையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் மூலத்தைத் தேடாமல் இருந்த பதிப்பாளர்களின் அசட்டையை மன்னிக்க மனம் வரவில்லை.

1972இல் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி நாவலைப் படமாக்கினார். கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. லெம் மாஸ்கோவுக்குப் போய் வாரக்கணக்கில் அவரோடு வாதாடிப் பார்த்தார், பலனில்லை. தார்க்கோவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைத்தான் எடுத்திருக்கிறார், தன் நாவலை அல்ல என்பது லெம்மின் குற்றச்சாட்டு. நியாயம்தான். லெம் வானத்தைப் பார்த்தார். தார்க்கோவ்ஸ்கி வீட்டுக் குளத்தையும் ஈரப் புல்லையும் பார்த்தார். படம் பூமியில்தான் தொடங்குகிறது. நாவலிலோ பூமியே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

2002இல் ஹாலிவுட்டில் ஸ்டீவன் சோடர்பெர்க் மீண்டும் எடுத்தார். அதில் கதாநாயகியின் பெயர் ரேயா. ஸ்நோவும் இருக்கிறான். ஆங்கில மொழிபெயர்ப்பில் மாறிய பெயர்கள் திரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. மதிப்புரைகளைப் படித்துவிட்டு லெம், தான் எழுதியது விண்வெளியில் நடக்கும் காதல் கதை அல்லவே என்று வருத்தப்பட்டார்.

2006 மார்ச்சில் லெம் காலமானார். போலிஷிலிருந்து நேராக ஓர் ஆங்கில ‘சொலாரிஸ்’ வருவதை அவர் பார்க்கவில்லை. அது 2011இல், புத்தகத்துக்கு ஐம்பது வயதானபோது வந்தது. மொழிபெயர்த்தவர் பில் ஜான்ஸ்டன். அச்சு உரிமை ஒப்பந்தச் சிக்கலில் மாட்டியிருந்ததால், முதலில் ஒலிநூலாக வந்தது, பிறகு மின்நூலானது. ஒலிநூலை வாசித்தவர் நடிகர் அலெஸ்ஸாண்ட்ரோ ஜூலியானி.

அதை ஓர் இரவு விளக்கணைத்துவிட்டுக் கேட்டேன். கெல்வின் கண்விழிக்கிறான். சிவந்த ஒளி நிறைந்த அறையில், எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான்: ஹாரெய். ரேயா என்றே இத்தனை ஆண்டுகள் மனத்துக்குள் கூப்பிட்டு வந்த நான், ஒலியை நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.