ஆப்பிள் சாறும் காரீயமும்



சென்ற அக்டோபரில் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். எக்சிட்டர் நகரம், டெவன் மாவட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிராமத்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். தங்கள் மரத்து ஆப்பிளிலேயே கொஞ்சமாக சைடர் செய்கிறார்கள். சைடர் என்றால் புளிக்க வைத்த ஆப்பிள் சாறு. ஆமாம், அதில் போதை உண்டு. "வாத்தியாரா இப்படி?" என்று கேட்காதீர்கள். இரண்டே வாய்தான்!

இனிக்கும் என்று நினைத்தேன். பால் விடாத கடுந்தேநீர் போலத் துவர்ப்பு, பின்னால் புளிப்பு. கடித்துத் தின்ன முடியாத கசப்பு ஆப்பிள்தான் இதற்கு ஏற்றதாம்.

கொட்டகை ஓரத்தில் வட்டமான பழைய கல் தொட்டி ஒன்று கிடந்தது. குதிரையைக் கட்டிச் சுற்றவிட்டு ஆப்பிளை நசுக்கியது. நம் செக்குதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஜார்ஜ் பேக்கர் நினைவு வந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் டெவன்காரர்களுக்கு ஒரு வயிற்றுவலி வரும். குடலைப் பிடித்து முறுக்கும், மலம் கட்டும், மணிக்கட்டு துவண்டு தொங்கிவிடும். சிலர் செத்தும் போனார்கள். சைடரின் புளிப்புதான் காரணம் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். பேக்கர் டெவனில் பிறந்த மருத்துவர். பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே வைத்தியம் பார்த்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி. ஹெரிஃபோர்டு மாவட்டத்திலும்தானே சைடர் குடிக்கிறார்கள், அங்கே ஏன் இந்த நோய் இல்லை?

போய்ப் பார்த்தால் வித்தியாசம் தொட்டியில் இருந்தது. டெவனில் கல் துண்டுகளைக் காரீயம் உருக்கி ஊற்றி இணைத்தார்கள். பிழியும் இடத்திலும் காரீயத் தகடு. புளித்த சாறு காரீயத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கும். கரைந்த காரீயம் இனிக்கும், அதனால் குடிப்பவனுக்குத் தெரியாது. (நம் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு, பயப்படாதீர்கள்.) இரண்டு மாவட்டத்துச் சைடரையும் சோதித்தார். டெவன் சைடரில் மட்டும் காரீயம் இருந்தது. 1767-இல் கட்டுரையாக வாசித்தார்.

சொந்த ஊர் அவரைக் கொண்டாடவில்லை. ஆலைக்காரர்கள், பாதிரிமார், சக வைத்தியர்கள் என்று எல்லோரும் பாய்ந்தார்கள். ஊர்ச் சரக்கின் பெயர் கெட்டால் வியாபாரம் என்னாவது? சைடருக்குப் போட்ட வரியை எதிர்த்துப் போராடி, அதை 1766-இல்தான் நீக்க வைத்திருந்தார்கள். அடுத்த வருடமே இவர் இப்படிச் சொன்னால்?

எனக்கு உறுத்துவது வேறு. பண்ணைக் கூலிகளுக்குக் கூலியில் ஒரு பகுதியே சைடர்தான். நாளுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர். வேண்டாம் என்றால் அந்த அளவுக்குக் கூலி குறைந்த மாதிரி. விஷம் என்று தெரிந்தாலும் அவன் எதை விட்டு எதைக் குடிப்பான்? காரீயத்தை மெல்ல மெல்ல நீக்கினார்கள், நோயும் குறைந்தது. ஆனால் மதுவைக் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1887-இல்தான். பேக்கர் சொல்லி 120 வருடம் கழித்து!

தோட்டக்காரரிடம் அந்தக் கல் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். தாத்தா காலத்தது, இப்போது மழைநீர்தான் நிற்கிறது என்றார். குனிந்து இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தேன். மகன், "அப்பா, போதும் வாங்க" என்றான்.