இருமுகச் சம்பந்தத்தின் சரித்திரம்

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஐ.டி.எஸ். என்னும் டேட்டாபேஸை வகுத்த சார்லஸ் பாக்மன், ஒரு வாடிக்கையாளரின் பதிவோடு அவருடைய ஆர்டர்களின் பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொரு பதிவிலும் அடுத்த பதிவின் விலாசத்தைப் பொறித்துவைத்தார். 1973-இல் ட்யூரிங் விருது பெற்று நிகழ்த்திய உரையிலும், தகவல்களினூடே வழிகண்டு செல்லும் மாலுமியாகவே புரோகிராமரை அவர் சித்திரித்தார்.

அதற்குள், 1970-இலேயே, ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை, தகவல்களை அட்டவணைகளாக வகுக்கச் சொல்லி, அந்த யாத்திரையையே அநாவசியமாக்கியிருந்தது. ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளரின் எண் ஃபாரின் கீயாக, அதாவது வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் எண்ணாக, நின்றால், ஆர்டர் எவருடையது என்பதற்கும், ஒருவருடைய ஆர்டர்கள் எவை என்பதற்கும் அந்த ஒரே எண்தான் உத்தரம். அங்கே சம்பந்தத்துக்குத் திசை என்பதே கிடையாது. இவ்வளவு சிக்கனமான சிந்தனை கணினி சாஸ்திரத்தில் அபூர்வம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், நார்வேயில் டாலும் நைகார்டும் படைத்த சிமுலா 67 முதல் ஜாவா வரையில் வளர்ந்த ஆப்ஜெக்ட் மொழிகளில், ஒரு ஆப்ஜெக்ட் மற்றொன்றைச் சுட்டும் குறிப்பு ஒரே திசையில்தான் செல்லும். ஆகவே ஆர்டர் தன் வாடிக்கையாளரையும், வாடிக்கையாளர் தம் ஆர்டர்களின் பட்டியலையும் தனித்தனியே ஏந்த நேர்ந்தது. ஒரே கடனை இரண்டு பேரேடுகளில் எழுதியதுபோல, அட்டவணையில் ஒன்றாயிருந்த உண்மை நினைவகத்தில் இரண்டாகி, ஒன்றோடொன்று முரண்படவும் இடமுண்டாயிற்று.

2001-இல் இதற்கு இரு பரிகாரங்கள் தோன்றின. ஜாவாவின் சர்வர் தரமான ஈ.ஜே.பி. 2.0, ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தை, ஆப்ஜெக்ட்டுகளை நிர்வகிக்கும் சர்வர் சூழலான கன்டெய்னரே திருத்திவிடும் என்றது. ஆப்ஜெக்ட்டுகளை அட்டவணைகளோடு பொருத்த கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட்டோ, ஆப்ஜெக்ட்டுகளைச் சாதாரண ஆப்ஜெக்ட்டுகளாகவே விட்டுவைத்து, இரு பக்கங்களில் ஒன்றை 'இன்வெர்ஸ்' என்று குறித்து, மற்றதன் சொல்லை மட்டும் அட்டவணைக்குப் பிரமாணமாக ஏற்றது. 2006-இல் இப்பொருத்தலுக்கு ஜாவாவின் தரமாக வந்த ஜே.பி.ஏ. இந்த இரண்டாம் மார்க்கத்தையே 'மேப்டுபை' என்ற பெயரில் விதியாக்கி, இத்தகைய சம்பந்தத்தில் ஃபாரின் கீயைத் தாங்கும் ஆர்டரையே உரிமைப் பக்கமாக நிர்ணயித்தது.

அந்த முடிவு சரியானதே. கன்டெய்னரின் தயவின்றி ஆப்ஜெக்ட்டுகளைப் பரிசோதிக்கும் சுதந்திரம் அதனால்தான் வாய்த்தது. ஆயினும் இரு பக்கங்களையும் இசைவித்துக் காக்கும் பொறுப்பு புரோகிராமரின் தலையில் விழுந்தது. வாடிக்கையாளரின் பட்டியலில் மட்டும் ஆர்டரைச் சேர்த்துவிட்டு நின்றால் அந்தச் சம்பந்தம் அட்டவணையில் ஏறாது. ஃபாரின் கீ வெறுமையாயிருக்க அனுமதி உண்டென்றால் ஓர் எச்சரிக்கைகூட எழாது. ஆதலால் இத்தொழிலில் புதிதாக இறங்குவோர், பட்டியலில் சேர்ப்பதையும் ஆர்டரில் வாடிக்கையாளரைக் குறிப்பதையும் ஒரே மெதடுக்குள் வைத்து, வேறெங்கிருந்தும் அவற்றைத் தனித்தனியே தொடாதிருக்க வேண்டும்.